மரபு வாரத்தில் ஒரு கல்வெட்டாவது படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். பள்ளிகளில் வினாடி வினாவும் பேச்சுப் போட்டியும் நடக்கும். அந்த ஏழு நாளில் ஒரு நாளை ஊர்க் கோயிலின் ஒரே ஒரு கல்வெட்டுக்கு ஒதுக்குமாறு வரலாற்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பத்துக் கோயில்களைச் சுற்றிக் காட்டுவதைவிட இதில்தான் பிள்ளைகளுக்கு வரலாறு பிடிபடுகிறது.

ஏற்கெனவே பதிப்பான கல்வெட்டாகத் தேர்ந்தெடுங்கள். மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளில் அரசன், ஆட்சியாண்டு, கல்வெட்டு இருக்கும் சுவர், வரி வரியாகப் பாடம் (கல்லில் உள்ள வாசகம்) எல்லாம் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடிப் பாருங்கள். பாடம் ஆசிரியர் கையில் மட்டும் இருக்கட்டும். முன்கூட்டியே கொடுத்தால் பிள்ளைகள் கல்லைப் பார்க்கவே மாட்டார்கள்.

எழுத்து தெரியவில்லை என்று மாவு, திருநீறு, சாக்பீஸ் பூசும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். மாவு பள்ளத்தில் தங்கி ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். சாக்பீஸ் வாசிப்பையே கெடுக்கும். ஒருவர் ‘ப’வை ‘வ’ என்று வரைந்துவிட்டால் அடுத்து வருபவர் கண்ணுக்குச் சாக்பீஸ் கோடுதான் தெரியும், உளிக்கோடு தெரியாது. கம்பி பிரஷ் அழுக்கோடு எழுத்தின் விளிம்பையும் அரித்துவிடும்.

ஒரு டார்ச் போதும். வெயில் விழாத நேரத்தில் சுவரை ஒட்டினாற்போல், 10 முதல் 15 பாகைச் சாய்வில் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். இடப்பக்கமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம் எடுக்க வேண்டும். ஒளி போகும் திசையிலேயே ஓடும் கோட்டில் நிழல் விழாது. பக்க ஒளியில் படுக்கைக்கோடுகள் மறைந்துபோகும். செல்பேசியின் ஃபிளாஷை அணைத்துவிட்டு, கல்லுக்கு நேரே பிடித்து, ஒரு படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததிலும் வரும்படி எடுங்கள். முப்பட்டைக் குமுதத்தில் (கோயில் அடித்தளத்தில் மூன்று முகமாகப் புடைத்து நிற்கும் கல்வரிசை) உள்ள எழுத்துக்கு ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியே எடுக்காவிட்டால் வரி கோணிக்கொள்ளும்.

மைப்படி எடுப்பதை, அதாவது கல்லெழுத்தை மையால் தாளில் படியெடுப்பதை, தொல்லியல் துறையினரிடமே விடுங்கள். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டிப் பிரஷால் தட்டி, அது பாதி உலர்ந்த பிறகே மை ஒற்ற வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒற்றினால் மை தாளைத் தாண்டிக் கல்லில் இறங்கும். அந்தக் கறை எளிதில் போகாது. முழுக்கக் காய்ந்தால் தாள் உரிந்து விழும். செய்துபார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு எழுத்து வெட்டிய சிமெண்டுப் பலகை போதும்.

வாசிப்பில் தடுக்கும் இடங்கள் சிலவே. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இராது. ‘தேவர்’ என்பது ‘தெவர்’ என்றே நிற்கும். துணைக்காலும் (‘ா’) ‘ர’வும் ஒன்றுபோல் இருக்கும். எண்ணில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ௨௰௫ என்பது 25. நடுவில் உள்ள பத்தின் குறியை ‘ய’ என்று படித்துவிடுவார்கள். பட்டமேறிய ஆண்டோடு ஆட்சியாண்டைக் கூட்டும்போது ஒன்றைக் கழிக்க வேண்டும். முதலாம் இராசராசன் 985இன் நடுவில் பட்டமேறியதால் அவனது 25ஆம் ஆண்டு 1009-10. ‘கோராஜகேசரி’ என்பதை மட்டும் வைத்து அரசனை முடிவு செய்யாதீர்கள். சோழர் இராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினர். மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் பகுதி, ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் இராசராசன். ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் இராசேந்திரன்.

திருப்பணியில் கற்களை இடம் மாற்றி அடுக்கியிருப்பதால் வரி பாதியில் அறுபட்டு நிற்கலாம். மீதிக் கல் படிக்கட்டிலோ மதிலிலோ இருக்கிறதா என்று பிள்ளைகளைத் தேடவிடுங்கள். எந்தத் தொகுதியிலும் இல்லாத எழுத்து கண்ணில் பட்டால் படம், சுவரின் திசை, தரையிலிருந்து உயரம், ஊர், வட்டம் ஆகியவற்றைக் குறித்து மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
கல்வெட்டு வாசிப்புப் பயிற்சியாளர்கள்