மாத்திரையைப் பாதியில் நிறுத்தச் சொன்னது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனநோய் பற்றி நம் பத்திரிகைகளில் இப்போது நிறையவே எழுதுகிறார்கள், உலக மனநல நாள் வரும் அக்டோபர் மாதத்தில் இன்னும் கூடுதலாக வரும். மனச்சோர்வின் அறிகுறிகள் என்ன, பதற்றம் வந்தால் என்ன செய்வது, வெட்கப்படாமல் டாக்டரைப் பாருங்கள் என்றெல்லாம். நல்ல விஷயம்தான். ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. நான் பினாங்கில் அரசாங்க மருந்தகக் கவுண்டரில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அங்கே நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், நம் ஆட்கள் பலர் இப்போது டாக்டரிடம் போகத்தான் செய்கிறார்கள். போய், மருந்தும் வாங்கி, இரண்டு மூன்று வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தச் சொல்வது பெரும்பாலும் அக்கறையுள்ள சொந்தக்காரர்கள்தான்.

ஒரு அம்மா ஒருநாள் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கவுண்டரில் வைத்தார். உள்ளே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய மாத்திரை அட்டைகள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்த்ராலின் 50 மில்லிகிராம், இரவில் ஒன்று என்று லேபிள். முதல் அட்டையில் நாலு குழி மட்டும் காலி, மற்றதெல்லாம் அப்படியே. "வேற யாருக்காச்சும் ஆகும்ல மிஸ்ஸி, வீணாப் போகக் கூடாதுன்னு கொண்டாந்தேன்" என்றார். (கவுண்டருக்கு உள்ளே நிற்கும் பெண்கள் எல்லாரும் நம் பெரியவர்களுக்கு மிஸ்ஸிதான்.) ஏன் மகன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். மாத்திரை போட்டதும் குமட்டலாம், தலை வலித்ததாம். அப்புறம் அவன் மாமா வந்து, இதெல்லாம் தூக்க மாத்திரை, பழகிவிட்டால் ஆயுசுக்கும் விட முடியாது, பையன் வாழ்க்கை போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். அதே அம்மா தன்னுடைய இனிப்புநீர் (சர்க்கரை நோய்) மாத்திரையை ஒரு மாதம் கூடத் தவறவிட்டதில்லை.

அந்த மாமாவைப் போல் நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இப்போது முதலில் கொடுக்கும் செர்த்ராலின், எஸ்சிட்டாலோப்ராம், ஃபுளுவாக்செட்டின் இவை எதுவும் தூக்க மாத்திரை இல்லை. இவற்றில் ஒரு சங்கடம் என்னவென்றால், தொந்தரவு முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, சிலருக்கு ஒரு விதமான படபடப்பு. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மனசு கொஞ்சம் லேசாவது இரண்டிலிருந்து நாலு வாரத்தில், முழுப் பலன் தெரிய ஆறு, எட்டு வாரம்கூட ஆகும். ஆகவே நாலாவது நாளில் நிறுத்துகிறவர் கஷ்டத்தை மட்டும் அனுபவித்துவிட்டு, பலன் வருவதற்குள் எழுந்து போய்விடுகிறார். சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், தாங்கவில்லை என்றால் பாதி அளவில் தொடங்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இன்னொன்று, 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் அதிகரிக்க வாய்ப்பு உண்டு, அந்த நாட்களில் வீட்டில் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும், பேச்சில் மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். பயந்து மருந்தைக் குப்பையில் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை, கவனமாக இருப்பதற்காகச் சொல்கிறேன்.

பழக்கமாகிவிடும் என்று பயப்பட வேண்டிய மாத்திரைகள் வேறு. அல்ப்ரசோலாம், டயசெபாம், லோராசெபாம் இவைதான் அவை. போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் அமைதி தரும், அதனால் எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் குறுகிய காலத்துக்கு மட்டும் தரவேண்டிய மருந்து, மாதக்கணக்கில் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. விட வேண்டிய டயசெபாமைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் போடுகிறார்கள், தொடர வேண்டிய செர்த்ராலினை நாலு நாளில் தூக்கிப் போடுகிறார்கள்.

செர்த்ராலின் மாதிரி மருந்தையும் திடீரென்று விடக் கூடாது, அது உண்மை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். போதைப்பொருளுக்கு ஏங்குவது போன்றதில்லை அது. டாக்டர் சொல்கிறபடி அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் பெரும்பாலோர் சிரமமில்லாமல் விட்டுவிடுவார்கள். ஆனால் எப்போது விடுவது? நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், மறுபடி மறுபடி வந்தவர்களுக்கு இன்னும் நீளும்.

இங்கேதான் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. நிறுத்திய மறுநாளே நோய் திரும்பி வருவதில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் ஆள் நன்றாகவே இருப்பார், சிரிப்பார், வேலைக்குப் போவார். பார்த்தீர்களா, நான் சொன்னேன் இல்லையா என்பார் மாமா, வீடே அவரை நம்பும். அப்புறம் நோய் திரும்பும்போது அதை மருந்து நிறுத்தியதோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை, காதல் தோல்வி, கண்ணேறு, பக்கத்து வீட்டுக்காரி செய்துவைத்த செய்வினை என்று வேறு காரணம் கிடைத்துவிடும்.

இது சாதாரண மனச்சோர்வில் நடந்தாலே கஷ்டம். மனச்சிதைவு நோயிலும் இருதுருவ நோயிலும் நடந்தால் குடும்பமே ஆடிப்போகும். காதில் யாரோ பேசுவது போல் குரல் கேட்பது, சாப்பாட்டில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று நம்புவது, குளிக்காமல் அறையை விட்டு வராமல் கிடப்பது, இவையெல்லாம் மனச்சிதைவின் அறிகுறிகள், பலருக்கு இருபது வயதை ஒட்டித் தொடங்கும். தினமும் மாத்திரை போட மறுக்கிறார் என்றால் மாதம் ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது, கேளுங்கள். இருதுருவ நோயில் சில வாரம் தூக்கமே இல்லாமல் உற்சாகம், கடன் வாங்கிச் செலவு, பெரிய பெரிய திட்டம், அப்புறம் சில வாரம் எழுந்திருக்க முடியாத சோர்வு என்று மாறி மாறி வரும். இதற்கு 1949லிருந்து பயன்பாட்டில் உள்ள லித்தியம் இன்றும் நல்ல மருந்து, ஆனால் அளவு தப்பக் கூடாது, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

லித்தியம் என்றதும் தைப்பூசம் ஞாபகம் வருகிறது. நானும் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்கிறவள்தான், விரதம் வேண்டாம், கோயில் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் உப்பைக் குறைத்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் விரதம் இருந்து, வெயிலில் காவடி எடுத்து நடந்தால் உடம்பில் நீரும் உப்பும் குறைந்து ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, பேதி, பேச்சுக் குழறல், தள்ளாட்டம் வந்தால் அருள் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மலை ஏறிய முட்டி வலிக்கு இபுபுரூஃபென், டைக்குளோஃபெனாக் போடுவதும் லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது. விரதத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபுளுவாக்செட்டின் வழக்கமாகக் கேப்சூலில் வரும், அதன் கூடு பெரும்பாலும் மாட்டுத் தோலிலோ எலும்பிலோ எடுத்த ஜெலட்டின். விரதத்தில் அதைத் தொட மாட்டேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுகிறார்கள். விரதம் தொடங்குவதற்கு முன்பே மருந்தகத்தில் கேட்டால், மாத்திரையாக வேறு மருந்து மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் பேசி வழி சொல்வார்கள்.

சொல்ல வெட்கப்பட்டு நிறுத்துகிறவர்களும் உண்டு. செர்த்ராலின் மாதிரி மாத்திரைகள் சிலருக்குத் தாம்பத்திய ஆசையைக் குறைக்கும், ஆண்கள் அதை டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், மனைவியிடம்கூடச் சொல்லாமல் மருந்தை விட்டுவிடுவார்கள். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ஒலான்சபின் போன்றவற்றில் எடை ஏறும், இளம்பெண்கள் அதற்காகவே விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் வழி உண்டு, அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், ஆனால் சொன்னால்தானே தெரியும்.

அப்புறம் தஞ்சோங் ரம்புத்தான் பயம். 1911ல் கட்டிய அந்த மனநோய் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிச் சொல்லியே நம் ஊரில் பிள்ளைகளைக் கேலி செய்து வளர்த்துவிட்டோம், இன்றைக்கும் மனநல கிளினிக் வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மருந்து வாங்க வராமல் இருக்கிறார்கள். இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளிலெல்லாம் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்கள் வட்டாரத்து கிளினிக் கெசிஹாத்தானிலேயே (அரசாங்க சுகாதார கிளினிக்) தொடங்கலாம். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த தொடர் மருந்தை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசாங்க கிளினிக்கில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு உண்டு, தபாலில் வரவழைக்கவும் முடியும். கவுண்டரில் கேட்டால் போதும்.

யாருக்கு இதெல்லாம் தேவை என்று கேட்பீர்கள். சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வில் மலேசியாவில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தது. 2019ல் 2.3 விழுக்காடு. நம் வீடுகளில் மனசு சரியில்லை என்று சொல்லி வருகிறவர் குறைவு. நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, வயிறெல்லாம் காற்று என்றுதான் வருவார்கள். நெஞ்சுவலி என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இசிஜி சரியாக இருக்கிறது, ரத்தம் சரியாக இருக்கிறது, இருந்தும் திடீரென்று மூச்சு முட்டி, செத்துவிடுவோமோ என்ற பயம் வந்து பத்து நிமிடத்தில் உச்சிக்கு ஏறி அடங்குகிறது, இது திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது பீதித் தாக்குதலாக இருக்கலாம், நல்ல சிகிச்சை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை என்றே பேச்சு என்றால் அதையும் சும்மா விடாதீர்கள். ஆண்களிடம் இது கோபமாகவும் குடியாகவும் வரும். பிள்ளை பெற்ற பெண் வாரக்கணக்கில் அழுதுகொண்டே இருந்தால் பத்தியம் சரியில்லை என்று மாமியார் முடிவு கட்ட வேண்டாம்.

மருந்து மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. பேச்சு வழிச் சிகிச்சை பலருக்கு மருந்துக்கு இணையாகவே உதவும், சுத்தம் சுத்தம் என்று கை கழுவிக்கொண்டே இருக்கும் நோய்க்கு அது மிக அவசியம். தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதுதான் குறை, அதைப் பற்றி நம் பிரதிநிதிகள் பேச வேண்டும்.

தற்கொலைக்கு முயன்றவர் மேல் இனி போலீஸ் வழக்கு வராது, குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவை 2023ல் எடுத்துவிட்டார்கள். ஆகவே ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள், என்ன குடித்தார், எத்தனை மாத்திரை போட்டார் என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் காப்பாற்ற முடியும். பேச யாருமில்லை என்று தோன்றுகிறவர்கள் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைக்கலாம், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு பதிப்பில் ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசி கொடுங்கள் போதும். வாசகர்கள் மருந்து பற்றிக் கேட்கும் கேள்விக்குத் தமிழ் தெரிந்த மருந்தாளுநர் ஒருவர் வாராவாரம் பதில் எழுதட்டும். மருந்து உறையில் எல்லாம் மலாயில் இருக்கிறது, அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பாட்டிமார் கையில்தான் பல வீடுகளில் பேரப்பிள்ளையின் மாத்திரை இருக்கிறது. அவர்களுக்குக் கேட்க ஓர் இடம் வேண்டும். முதல் கேள்விகளுக்குப் பதில் எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தக ஊழியர்,
பட்டர்வொர்த், பினாங்கு.