மலருக்கு: மடக்குக் கத்திக்கு எந்த ஸ்டீல்

திருவான்மியூர், சென்னை

அன்புள்ள மலர்,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஐந்து கத்தி, ஐந்து ஸ்டீல்: டி2, 14சி28என், எஸ்35விஎன், எம்390, மேக்னகட். கொடுக்கிற காசுக்கு டி2தான் சரி என்று புனே நண்பர்கள் எல்லாரும் சொல்வதாக எழுதியிருந்தாய். புனேக்கு அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஜூனில் நீ பழவேற்காட்டு வேலைக்கு வருகிறாய். ஏரித் தண்ணீரில் உப்பு, காற்றில் உப்பு, கை வியர்வையிலும் உப்பு. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 14சி28என் வாங்கு. இன்னும் செலவு செய்ய மனமிருந்தால் மேக்னகட். டி2 இந்தக் கரைக்கு வேண்டாம், கண்ணு.

காரணத்தைப் புரிந்துகொண்டால் இனி எந்தப் புதுப் பெயர் வந்தாலும் நீயே முடிவு செய்துகொள்ளலாம்.

டி2-வில் குரோமியம் சுமார் 12 சதவீதம். மேக்னகட்டில் 10.7 சதவீதம்தான். காகிதத்தில் பார்த்தால் டி2தான் துருவை அதிகம் தாங்க வேண்டும். நடப்பது நேர்மாறு. துருவைத் தடுப்பது ஸ்டீலில் மொத்தம் எவ்வளவு குரோமியம் இருக்கிறது என்பதல்ல, அதில் எவ்வளவு கரைந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். டி2-வில் கார்பன் 1.5 சதவீதம். அவ்வளவு கார்பன் இருந்தால் அது குரோமியத்தைப் பிடித்து இழுத்துக் கார்பைடு எனும் கடினமான துகள்களாக்கிவிடும். மிச்சம் கரைந்து நிற்பது ஏறக்குறைய பாதிதான். மேக்னகட்டில் கார்பனை 1.15 சதவீதத்தில் நிறுத்தி, அந்தக் கார்பன் போய் ஒட்டிக்கொள்ள 4 சதவீதம் வனேடியமும் 2 சதவீதம் நியோபியமும் வைத்திருக்கிறார்கள். குரோமியம் கார்பைடாக மாறாமல் கிட்டத்தட்ட முழுவதும் கரைந்தே நிற்கிறது. லேரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021-ல் வெளிவந்த ஸ்டீல் இது. கணக்குப் போட்டுச் செய்த வேலை. எனக்கு அதன் மேல் மிகுந்த மதிப்பு உண்டு.

14சி28என் இதே இடத்துக்கு வேறு வழியில் போகிறது. சுவீடனின் சாண்ட்விக் தயாரிப்பு. இந்த ஸ்டீலைச் செய்யும் பிரிவுக்கு 2022 முதல் அலீமா என்று பெயர். கார்பன் 0.62 சதவீதம்தான், குரோமியம் 14, கூடவே 0.11 சதவீதம் நைட்ரஜன். கார்பனைக் குறைத்ததால் போன கடினத்தை நைட்ரஜன் ஈடுகட்டுகிறது, குரோமியத்தையும் கெடுப்பதில்லை. ஒழுங்காகப் பதம் பார்த்தால், அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கினால், ராக்வெல் சி என்ற கடின அளவில் 60 வரை சிரமமில்லாமல் வரும்.

அடுத்தது கார்பைடு துகளின் அளவு. காங்கிரீட்டில் ஜல்லி எப்படியோ, ஸ்டீலில் கார்பைடு அப்படி. வழக்கமாக வார்த்து உருட்டிய டி2-வில் பெரிய ஜல்லி. மேக்னகட், எஸ்35விஎன், எம்390 எல்லாம் பவுடர் முறையில் செய்தவை: உருக்கிய ஸ்டீலைத் தூளாகத் தெளித்து, அந்தத் தூளை அதிக அழுத்தத்தில் கெட்டியாக்குவார்கள். அதனால் துகள் சிறியது, ஒரே சீராகப் பரவியிருக்கும். கூர் விளிம்பு ஒரு மயிரிழைக்கும் மெல்லியது. அதில் ஒரு பெரிய துகள் பெயர்ந்தால் அந்த இடம் பள்ளமாகிவிடும். டி2 கத்தியைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் விளிம்பில் அரைவட்டமாக நுணுக்கு நுணுக்காக உதிர்ந்திருப்பது தெரியும்.

துரு எங்கே ஆரம்பிக்கும் தெரியுமா? பிளேடின் நடுவில் இல்லை. லேசரில் பொறித்த கம்பெனிப் பெயரின் எழுத்து ஓரங்களில்தான் முதலில் செம்புள்ளி வரும். அடுத்து கட்டைவிரல் வைத்துத் திறக்கும் ஓட்டையின் உள்விளிம்பு. அடுத்து கூர் விளிம்பு. இந்த மூன்றாவதுதான் உண்மையான நஷ்டம், கண்ணுக்கும் தெரியாது. டி2-வில் உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட மாங்காய் அரிந்துவிட்டுத் துடைக்காமல் மடக்கி வைத்தால், காலையில் ஒன்றையுமே வெட்டாமல் கூர் மழுங்கியிருக்கும். அமிலமும் உப்பும் விளிம்பைத் தின்றிருக்கும். கறுப்புப் பூச்சு போட்ட டி2 தேவலை என்று யாராவது சொன்னால் நம்பாதே. கூர் தீட்டுகிற இடத்தில் பூச்சு கிடையாது. மணல் அடித்துச் சொரசொரப்பாக விட்ட பிளேடும் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வழவழப்பாக முடித்த பிளேடாகப் பார்த்து எடு.

எம்390 பற்றிக் கேட்டிருந்தாய். கார்பன் 1.9, குரோமியம் 20, வனேடியம் 4. அட்டைப்பெட்டி, கயிறு என்று நாள் முழுக்க வெட்டினாலும் கூர் நிற்கும். துருவையும் நன்றாகவே தாங்கும். ஆனால் இதே பெயரில் வரும் கத்திகளுக்குள் வித்தியாசம் அதிகம். ராக்வெல் அளவில் 61-ல் இருக்க வேண்டியதைச் சில கம்பெனிகள் 58-லேயே விட்டுவிடுகின்றன. அப்படி விட்டால் விளிம்பு நிற்காமல் மடங்கும், கொடுத்த காசு வீண். எஸ்35விஎன் 2009-ல் வந்தது, அதற்கு முந்தைய எஸ்30வி-யில் வனேடியத்தைக் கொஞ்சம் குறைத்து நியோபியம் சேர்த்தது. நல்ல ஸ்டீல், குறை சொல்ல ஒன்றுமில்லை. மேக்னகட் கிடைக்கும்போது அதே விலைக்கு இதை எடுக்கக் காரணமும் இல்லை.

ஸ்டீலின் பெயர் பாதிக் கதைதான். மீதி, பதம் பார்த்த விதம். ஒரே ஸ்டீலைச் சூடாக்கிக் குளிர்வித்த பிறகு 200 டிகிரி வாக்கில் மறுபடி சூடாக்கினால் (இதைத்தான் டெம்பர் என்பார்கள்) ஒரு குணம், 500 டிகிரி வாக்கில் செய்தால் வேறு குணம். ஸ்டெயின்லெஸ் வகைகளில் அந்த 500 டிகிரிச் சூட்டில் கரைந்திருந்த குரோமியம் மறுபடி நுண்துகளாகப் பிரிந்துவிடும். கடினம் குறையாது, துரு தாங்கும் சக்தி மட்டும் போய்விடும். “என் எம்390 துருப்பிடிக்கிறதே” என்று யாராவது புலம்பினால் பெரும்பாலும் காரணம் இதுவாகவோ, போலியாகவோ இருக்கும்.

பதம் சரியா என்று பார்க்க அம்பத்தூரிலும் கிண்டியிலும் பதம் பார்க்கும் பட்டறைகளில் ராக்வெல் டெஸ்ட் செய்து தருவார்கள். சரிவாகத் தேய்த்த பகுதியில் அளந்தால் கணக்கு தப்பும். பிடியை ஒட்டிச் சமதளமாக இருக்கும் இடத்தில் அளக்கச் சொல். சின்னப் பள்ளம் விழும், பரவாயில்லை. போலியா என்று பார்க்க, உலோகக் கலவையைக் காட்டும் கையடக்க எக்ஸ்ரே துப்பாக்கியில் காட்டிவிட்டு “சோதித்தாயிற்று” என்று யாராவது சொன்னால் அது போதாது. அந்தக் கருவிக்குக் கார்பனும் தெரியாது, நைட்ரஜனும் தெரியாது. 14சி28என்னுக்கும் சாதாரண 14 சதவீதக் குரோமிய ஸ்டீலுக்கும் வித்தியாசமே அந்த இரண்டில்தான் இருக்கிறது.

பெயரையும் பதத்தையும் தாண்டி ஒன்று இருக்கிறது, விற்பவர்கள் அதைப் பேசவே மாட்டார்கள்: கூருக்குச் சற்று மேலே பிளேடின் கனம். வெர்னியர் காலிப்பர் வைத்துப் பார். அங்கே 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இருந்தால் தக்காளியும் கயிறும் தானாக இறங்கும். 0.7 மில்லி இருந்தால் எம்390-ஆக இருந்தாலும் ஆப்பு அடிப்பது போலத்தான் வெட்டும். மெல்லிய 14சி28என், தடித்த எம்390-ஐ வெட்டுவதில் எப்போதும் முந்தும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மெல்லிய பிளேடை நெம்பப் பயன்படுத்தாதே. டப்பா மூடி, பெயின்ட் டின் எல்லாவற்றுக்கும் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது. நெம்பினால் முதலில் நுனி போகும், பிறகு பூட்டு ஆட்டம் காணும்.

இனி தீட்டுவது. சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடு, இதைக் கொடுக்காதே. தண்ணீரில்லாமல் வேகமாகச் சுற்றும் கல்லில் மெல்லிய விளிம்பு ஒரு நொடியில் டெம்பர் சூட்டைத் தாண்டிவிடும். பதம் போனது பெரும்பாலும் வெளியே தெரியாது. விளிம்பு நீலமோ பழுப்போ ஆகியிருந்தால் அந்த அளவுக்கு ஸ்டீல் கெட்டுப்போனது என்று வைத்துக்கொள். இது தொழிற்சாலையிலும் நடக்கிறது. புதுக் கத்தி முதல் மாதத்தில் உதிர்ந்தாலோ சீக்கிரம் மழுங்கினாலோ ஸ்டீலைத் திட்டாதே. இரண்டு மூன்று முறை நன்றாகத் தீட்டி அந்தச் சூடுபட்ட விளிம்பைக் கழித்துவிட்டுப் பார்.

கல் எது? 14சி28என்னுக்குச் சாதாரண இருபக்கக் கல் போதும். சிலிக்கான் கார்பைடு கல் யார் செய்ததானாலும் சரி. நம் ஊரிலேயே கார்போரண்டம் யுனிவர்சல் 1954-லிருந்து இருக்கும் கம்பெனி. வனேடியம் உள்ள ஸ்டீலுக்கு வைரத்தட்டு வேண்டும். விக்கர்ஸ் என்ற இன்னொரு கடின அளவில் வனேடியம் கார்பைடு சுமார் 2800, சிலிக்கான் கார்பைடு 2500, அலுமினியம் ஆக்சைடு 2000. கல்லை விடத் துகள் கடினமாக இருந்தால் கல் துகளை வெட்டாது, சுற்றியிருக்கும் ஸ்டீலை மட்டும் தேய்க்கும். அரை மணி தேய்த்தும் கூர் ஏறாமல் வழுக்குவது அதனால்தான். 400, 1000 என்ற கிரிட் எண்ணில் (எண் கூடக் கூட நைசான தட்டு) இரண்டு வைரத்தட்டு வாங்கி வைத்துக்கொண்டால் எந்த ஸ்டீலுக்கும் கவலையில்லை.

முதலில் விளிம்புச் சரிவில் மார்க்கர் பேனாவால் கறுப்படி. பிளேடு அகலம் 20 மில்லி என்றால் முதுகைக் கல்லிலிருந்து 6 மில்லி உயர்த்தினால் பக்கத்துக்கு 17 டிகிரி கிடைக்கும். இரண்டு தடவை இழுத்துவிட்டுப் பார். கறுப்பு கூர் ஓரத்தில் மட்டும் போயிருந்தால் உயரம் அதிகம், மேல் ஓரத்தில் மட்டும் போயிருந்தால் குறைவு. முழுச் சரிவும் வெளுத்தால் அந்தக் கோணத்தை விடாமல் 400-ல் ஒரே பக்கம் தேய். மறுபக்கத்தில் பிடியிலிருந்து நுனி வரை பிசிறு எழுந்து விரல் நகத்தில் தட்டுப்பட வேண்டும். நடுவில் ஓரிடத்தில் பிசிறு இல்லையென்றால் அந்த இடம் இன்னும் கூர் வரை தேயவில்லை. அதை விட்டுவிட்டுப் பக்கம் மாற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. மறுபக்கமும் அப்படியே. பிறகு 1000-ல் பக்கத்துக்கு ஒரு இழுப்பாக மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வா, கடைசியில் கத்தியின் எடை மட்டும் இருக்கட்டும். பிசிறைக் கழிக்கத் தோல்பட்டையில் ஒரு மைக்ரான் வைரப் பசை தடவி, முதுகு முன்னால் போகும்படி பத்து இழுப்பு. பிசிறு தங்கிவிட்டால் முதல் வெட்டில் பிரமாதமாக இருக்கும், பத்தாவது வெட்டில் மழுங்கிவிடும். வாரா வாரம் தோல்பட்டை மட்டும் போதும், கல் எப்போதாவதுதான் வேண்டியிருக்கும்.

நனைந்த நைலான் கயிறு, வலை நூல் வெட்டுவதுதான் முக்கிய வேலை என்றால் பாதிப் பல் வைத்த பிளேடு பார். படகிலேயே நாளெல்லாம் இருக்கப் போகிறாய், கத்தி தண்ணீரில் விழுந்து எழுந்துகொண்டே இருக்கும் என்றால் என் பதிலும் மாறும். அப்போது எல்சி200என். கார்பனில் ஒரு பகுதிக்குப் பதிலாக நைட்ரஜன் போட்ட ஸ்டீல், உப்புத் தண்ணீரில் அநேகமாகத் துருவே பிடிக்காது. கூர் நிற்பதில் எம்390 பக்கம் வராது. அந்த வேலைக்கு அது பொருட்டில்லை.

பிரெஞ்சு ஓபினல் கத்தி அழகுக்காக வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். ஸ்டெயின்லெஸ் வகையை எடு, கார்பன் வகை வேண்டாம். மரப்பிடி ஐப்பசி கார்த்திகை மழையில் ஊதிக்கொண்டு பிளேடைத் திறக்கவிடாது. அடுப்படிக்கு வைத்துக்கொள், வேலைக்கு எடுத்துப் போகாதே.

பிளேடு துருப்பிடிக்காவிட்டாலும் உள்ளே இருக்கும் திருகும் தகடும் மட்ட ஸ்டீலாக இருக்கலாம். பூட்டும் அச்சும் துருப்பிடித்துத்தான் பல நல்ல கத்திகள் கெடுகின்றன. பால்பேரிங் வைத்தது மணலைப் பிடித்துக்கொள்ளும். வெண்கல வாஷர் வைத்ததைத் தேடு. ஏரியிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் திறந்தபடி அலசி, துடைத்து, ஃபேன் காற்றில் திறந்தே வை. அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகக் காறிப்போய் தூசியைச் சேர்த்து மாவாக்கிவிடும். தோல் உறையில் போட்டு வைக்காதே, ஈரம் அதிலேயே தங்கும்.

கழற்றிச் சுத்தம் செய்ய நட்சத்திரத் தலைத் திருகுக்கான டி6, டி8 டார்க்ஸ் பிட் இரண்டும் புனேயிலேயே வாங்கிக்கொண்டு வா. விமானத்தில் வருவதானால் கத்தியைக் கைப்பையில் வைக்காதே, செக்-இன் பெட்டியில் துணிக்குள் சுற்றி வை. வைரத்தட்டு இரண்டையும் பாரிமுனையில் நான் வாங்கி வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா