தன்முனைப்பு உரை போதும், திருத்திய தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் ஐந்தாம் படிவ மாணவர்கள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு நெருங்கினால் தோட்டப்புற ஊர்களில் மாணவர்களுக்கு ஊக்கமூட்டும் தன்முனைப்பு முகாம்கள் களைகட்டிவிடுகின்றன. பேச்சாளர் உருக, பெற்றோர் அழ, பிள்ளைகள் பாதபூஜை செய்ய, நாள் நல்லபடியாக முடிகிறது. திங்கட்கிழமை மாணவன் பழைய கணக்கிலேயே மறுபடி தடுக்கி விழுகிறான். படிக்கும் எண்ணம் அவனுக்கு இல்லாமல் இல்லை. எங்கே புள்ளி போகிறது என்பதுதான் தெரியவில்லை.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-லும், மூன்றாம் படிவ மாணவர்கள் எழுதிய பிடி3 தேர்வு 2022-லும் நீக்கப்பட்டன. அதனால் 17 வயதில் எழுதும் எஸ்.பி.எம்.மின் கனம் இன்னும் கூடிவிட்டது.

ஆகவே, பள்ளி ஆசிரியர்களே, முன்னோட்டத் தேர்வுத் தாளை ஒரு வாரத்துக்குள் திருத்திக் கொடுங்கள். மாதம் கழித்து வரும் தாளை யாரும் புரட்டுவதில்லை. இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் மாணவனே காரணம் எழுதட்டும்: தெரியவில்லை, தெரிந்தும் பிழை, நேரம் போதவில்லை. பின்னிரண்டும் சீக்கிரம் மீட்கக்கூடியவை.

கணிதம் இரண்டாம் தாளில் வழிமுறைக்கும் புள்ளி உண்டு. விடை தப்பென்று தோன்றியதும் முழுவதையும் அழித்துவிட்டு இடத்தைக் காலியாக விடுபவன், கைக்கு வந்த புள்ளியையும் சேர்த்து அழிக்கிறான். முதல் தாளில், விடையைத் தேர்ந்தெடுக்கும் 40 கேள்விக்கு 90 நிமிடம். வரலாறு முதல் தாளில் அதே வகையான 40 கேள்விக்கு 60 நிமிடம்தான். வீட்டில் கடிகாரம் வைத்துப் பழகாதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தவறான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை என்பதால், தெரியாத கேள்விக்கும் ஏதாவது ஒன்றைக் கறுப்பாக்கத்தான் வேண்டும்.

அடுத்து மலாய்மொழி முதல் தாள். முதல் பிரிவுக்கு 30 புள்ளி, இரண்டாம் பிரிவுக் கட்டுரைக்கு 70. முதல் பிரிவிலேயே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டுக் கட்டுரையை அள்ளித் தெளிப்பது வழக்கமான தவறு. 45 நிமிடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். மலாய்மொழியும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. மற்றப் பாடங்களில் எத்தனை 'ஏ' இருந்து என்ன பயன்?

இரண்டு வாரம் கழித்து அதே தாளை நேரம் குறித்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். 41 வாங்கிய பிள்ளை 50-ஐப் பார்த்துவிட்டால் மேடைப் பேச்சு தேவைப்படாது.

பரிசு பற்றியும் ஒரு சொல். 'எல்லாம் ஏ எடுத்தால் மோட்டார் சைக்கிள்' என்பது நம் வீடுகளில் சகஜம். அமெரிக்கப் பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையரின் ஆய்வில், நியூயார்க்கில் தேர்வு முடிவுக்குப் பணம் கொடுத்தும் மாற்றமில்லை. டல்லாஸில் படித்த புத்தகத்துக்குத் தலா 2 டாலர் கொடுத்ததில் வாசிப்புத் திறன் ஓரளவு கூடியது. முடிவை எப்படி எட்டுவது என்று பிள்ளைக்குத் தெரியாது. புத்தகத்தைத் திறப்பது அவன் கையில் இருக்கிறது. பரிசு தருவதென்றால் எழுதி முடித்துத் திருத்திய தாளுக்குத் தாருங்கள்.

முகாமுக்குப் பணம் திரட்டும் இயக்கங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இந்த ஆண்டு அதை நகல் எடுக்கும் செலவுக்கும், சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் தாள் திருத்த வரும் ஆசிரியர்களுக்கும் ஒதுக்கட்டும்.

ஓய்வு பெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள்,
சுங்கை சிப்புட், பேரா.