பாலம் நிற்கிறது, மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

2025 மார்ச்சில் இங்கே மியான்மரில் நிலநடுக்கம் நடந்த வாரம் போனில் "இன்னும் என்னடா மிச்சம் இருக்கு அங்க?" என்று கேட்டீர்கள். லைன் விட்டு விட்டு வந்தது. "எல்லாம் இருக்கு மாமா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். எது இருக்கிறது, எது இல்லை என்று எழுதிவிடுகிறேன். 1964-இல் பர்மாவிலிருந்து உங்களோடு கப்பல் ஏறியவர்கள் சென்னை வியாசர்பாடியில் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

2019 டிசம்பரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைசி வாரத்தில் மூட்டு வலி என்று நின்றுவிட்டீர்களே, அந்தப் பயணத்தை நானும் மைத்துனனும் மட்டும் போய் வந்தோம். நீங்கள் கேட்டிருந்தது ஏரியும் மடங்களும். அருவி எங்கள் சேர்க்கை.

டீ டோக் அருவி. பர்மிய மொழியில் ஆந்தையை அப்படிச் சொல்வார்கள். மாண்டலேயிலிருந்து விடியலில் கிளம்பி, காரை விட்டு இறங்கி, மலையில் ஏறி நடக்க வேண்டும். தண்ணீர் நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம். சுண்ணாம்புப் பாறை கரைந்து வந்து படிந்து, வயலுக்கு வரப்புக் கட்டியது போலத் தானே கட்டிக்கொண்ட தொட்டிகள். ஒன்று நிரம்பி அடுத்ததில் வழிகிறது. மழைக்காலத்தில் எல்லாம் செம்மண் நிறமாகிவிடும், டிசம்பர்தான் சரி. அங்கே வழுக்கியதில் என் ரப்பர் செருப்பின் வார் அறுந்துபோனது. இறங்கும்போது ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் துண்டு. மைத்துனன் வழி முழுக்கச் சிரித்தான்.

ஆனால் அதற்கப்புறம் போனது முழுக்க மடங்கள். அங்கே செருப்பு, காலுறை எதுவும் கூடாதே. அந்த மட்டில் அருவி எனக்கு நல்லதே செய்தது.

ஆவா என்றும் சொல்கிற பழைய தலைநகர் இன்வாவுக்குப் படகில் ஆற்றைக் கடந்து, குதிரை வண்டி பிடித்தோம். முதுகெலும்பை எண்ணிக் காட்டும் வண்டி. முதலில் பகாயா மடம்: 1834-இல் கட்டியது, முழுக்கத் தேக்கு, 267 தூண்கள். பெரிய தூண் 60 அடி உயரம், சுற்றளவு 9 அடி. நானும் மைத்துனனும் இரு பக்கமும் நின்று கட்டிப்பிடித்துப் பார்த்தோம். விரல் நுனிகள்தான் தொட்டுக்கொண்டன. வெளியே வெயிலில் கறுத்த பலகை காலைச் சுட்டது. உள்ளே போனால் இருட்டு, குளிர்ச்சி. ஒரு மூலையில் கரும்பலகை வைத்துக்கொண்டு சின்னப் பிக்குகள் சத்தம் போட்டுப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் எங்களைப் பார்த்ததும் வரியை விட்டுவிட்டான், பக்கத்துப் பையன் முழங்கையால் இடித்தான்.

அடுத்தது செங்கல் மடம். ராணி மே நு 1818-இல் கட்டுவித்தது. மாமா, அதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லாமல் விட்டேன். மரத்தில் செய்கிற அடுக்குக் கூரையையும் வேலைப்பாட்டையும் அப்படியே செங்கல்லிலும் சுதையிலும் செய்திருந்தார்கள். மரம் எரியும், செங்கல் நிலைக்கும் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். கட்டிய சில பத்தாண்டுகளில் ஒரு நிலநடுக்கம் அதைச் சேதப்படுத்தியது. 1873-இல் மே நுவின் மகள் பழுதுபார்த்தார். நாங்கள் போனபோது கனத்த சுவர்களுக்கு நடுவில் வௌவால் வாடை அடித்தது. சுவரில் கை வைத்தபோது, வெளியே அவ்வளவு வெயிலிலும் சில்லென்று இருந்தது.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம், 7.7 அளவில் நிலநடுக்கம். அந்தச் சுவர்கள் இடிந்து விழுந்தன. மைத்துனன் அனுப்பிய படத்தில் எது வாசல், எது கூடம் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. இன்வா அருகே ஐராவதி ஆற்றின் மேல் இருந்த பழைய ஆவா இரும்புப் பாலமும் போய்விட்டது. அதில் ரயிலில் போனதாகத் தாத்தா சொல்வாரே, அதேதான்.

சரி, ஏரிக்கு வருகிறேன். இன்வா போன அன்று சாயங்காலம் அமரபுரத்தில் உள்ள தௌங்தமன் ஏரிக்குப் போனோம். நீங்கள் தாத்தா தோளில் உட்கார்ந்து தூண் எண்ணியபடியே தூங்கிப்போன ஊ பெய்ன் பாலம், ஒன்றேகால் கிலோமீட்டர் நீளத் தேக்கு. தலைநகரை ஆவாவிலிருந்து அமரபுரத்துக்கு மாற்றியபோது கழித்துவிட்ட அரண்மனை மரத்தில்தான் 1850 வாக்கில் அதைக் கட்டினார்கள். ராஜாவுக்கு வேண்டாம் என்று போன மரம்! தூண்கள் ஆயிரத்துக்கு மேல். சிலவற்றை இப்போது கான்கிரீட்டாக மாற்றியிருக்கிறார்கள், பார்க்க நன்றாக இல்லை. நடுவில் கைப்பிடி கிடையாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிக்குகள் வருவார்கள், நாம்தான் ஒதுங்க வேண்டும். கரையில் இறால் வடை வாங்கினோம். எண்ணெய் பழசு. தின்றுவிட்டோம்.

அந்தப் பாலம் நிற்கிறது. இறுகி நிற்கிற செங்கல் சுவர் இல்லை அது. ஒவ்வொரு பொருத்தும் கொஞ்சம் ஆடி, கொஞ்சம் விட்டுக்கொடுத்து நிற்கிற மரம். நடக்கும்போது காலுக்கடியில் பலகை முனகும், தெரியுமா? உங்களுக்குத் தெரியாமலா.

மூட்டு வலிக்குப் படகும் குதிரை வண்டியும் ஆகாது. அருவி வேண்டாம், இன்வாவும் வேண்டாம். பாலத்துக்கு மட்டும் வாருங்கள், கார் பக்கத்திலேயே போகும். பழைய செருப்பு போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
யாங்கோன்