அந்தப் பாட்டுக்குப் பேர் வச்சது 2000-ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஜப்பான் பேண்டுகளோட பழைய ஹிட் பாட்டுங்களைப் பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். அனிமே பாட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் ஒருத்தர் எழுதுறாரேன்னு சந்தோஷமாதான் ஆரம்பிச்சேன், ஸ்பிட்ஸோட 'ராபின்சன்', ப்ளூ ஹார்ட்ஸோட 'லிண்டா லிண்டா' எல்லாம் வந்திருந்துச்சு. ஆனா சதர்ன் ஆல் ஸ்டார்ஸுக்கு மட்டும் ஒரே ஒரு வரி, அதுவும் சுனாமிங்கற பேரைக் காதல் பாட்டுக்கு வச்சு காசு பார்த்த பேண்டுன்னு. அந்த வரி என்னை ரெண்டு நாளா தூங்க விடல, அதான் எழுதுறேன். நான் அக்கரைப்பேட்டைக்காரன். 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை காலைல எங்க சித்தப்பா வீட்ல மூணு பேரைக் கடல் கொண்டுபோச்சு, நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல. அதனால அந்த வார்த்தையைப் பத்திப் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை இருக்குன்னு நினைக்கிறேன்.

முதல்ல தேதி. அந்தப் பாட்டு வந்தது 2000 ஜனவரி 26. நம்ம கடலோரத்துக்கு அந்த அலை வர்றதுக்கு நாலு வருஷம் பதினோரு மாசம் முன்னாடி. அப்போ எங்க ஊர்ல யாருக்கும் அந்த வார்த்தையே தெரியாது, அன்னைக்குக் காலைல கூட கடல் உள்ள வந்துடுச்சு கடல் உள்ள வந்துடுச்சுன்னுதான் கத்திட்டு ஓடினோம், டிவில சொல்லித்தான் அதுக்கு சுனாமின்னு ஒரு பேர் இருக்கறதே தெரிஞ்சுது. 'ட்சு'ன்னா துறைமுகம், 'நமி'ன்னா அலை, அவ்ளோதான் அர்த்தம். ஜப்பான்காரங்களுக்கு அது தலைமுறை தலைமுறையா தெரிஞ்ச வார்த்தை, 1993-ல ஒகுஷிரி தீவுல அடிச்சு நிறைய பேர் செத்தாங்க, அதனால அவங்க அதை விளையாட்டா வச்சாங்கன்னும் சொல்ல முடியாது. பாட்டுல அந்த வார்த்தை எங்க வருதுன்னு கட்டுரை எழுதினவர் பார்த்திருக்கணும். பிடிச்ச பொண்ணு எதிர்ல நின்னு கண்ணைப் பார்த்தா வாய் வராம தடுமாறுற ஒருத்தன், தனிமை சுனாமி மாதிரி மேல வந்து விழும்னு பயப்படுறான். பயத்துக்குதான் அந்த வார்த்தை. கொண்டாட்டத்துக்கு இல்ல.

இதெல்லாம் எனக்கும் மொதல்லயே தெரியாதுதான். 2006-ல ஜப்பான்ல கவாசாகிங்கற ஊர்ல ஒரு ஃபேக்டரில வெல்டிங் வேலைக்குப் போயிருந்தேன், அந்த டிசம்பர்ல வருஷக் கடைசி பார்ட்டி, சாப்பிட்டு முடிச்சு எல்லாரையும் கரோக்கேக்கு இழுத்துட்டுப் போனாங்க. சின்ன ரூம், ஒரு சோஃபா, எட்டு பேர் நெருக்கியடிச்சு உக்காந்திருக்கோம். எங்க செக்‌ஷன்ல சீனியரா இருந்த பெரியவர் ரிமோட்ல நம்பர் போட்டார், ஸ்க்ரீன்ல பாட்டோட பேர் பெருசா இங்கிலீஷ் எழுத்துல வந்துச்சு. எனக்கு அப்போ ஜப்பான் எழுத்து சரியா படிக்க வராது, ஆனா அதைப் படிக்க முடிஞ்சுது. எழுந்து வெளில வந்துட்டேன், காரிடார்ல வெண்டிங் மெஷின் பக்கத்துல நின்னுட்டேன், கை நடுங்குது.

அவர் பாட்டை பாதியில விட்டுட்டு வந்துட்டார். எனக்கு மொழி வராது, அவருக்கு இங்கிலீஷ் வராது, கைல இருந்த பேப்பர் நாப்கின்ல இந்தியா மேப் மாதிரி ஒண்ணு வரைஞ்சு கிழக்கு ஓரமா கீழ ஒரு புள்ளி வச்சு சுனாமின்னேன், உடனே புரிஞ்சுகிட்டார். ரொம்ப நேரம் தலையைக் குனிஞ்சே நின்னார். அடுத்த வாரம் ஷிஃப்ட் முடிஞ்சதும் அந்த சிடியை என் லாக்கர்ல வச்சிருந்தார், உள்ள பாட்டு வரியெல்லாம் எனக்குப் படிக்கத் தெரிஞ்ச எளிய எழுத்துல கைப்பட எழுதி, தனிமைங்கற சொல்லுக்குக் கீழ மட்டும் பென்சில்ல ஒரு கோடு. அந்தப் பேப்பர் இன்னும் எங்கிட்ட இருக்கு.

அப்புறம்தான் ஆசையா அந்த பேண்டோட மத்த பாட்டெல்லாம் தேடித்தேடிக் கேக்க ஆரம்பிச்சேன். ஆவோயாமா காகுயின் யூனிவர்சிட்டில சேர்ந்து வாசிச்ச பசங்க, பாடுற குவாதா கெய்சுகே சிகாசாகி கடலோரத்துல பொறந்தவர், கீபோர்டு வாசிக்கிற ஹாரா யூகோவைத்தான் 1982-ல கட்டிகிட்டார். 1978 ஜூன்ல 'கட்டே நி சிந்துபாத்'னு மொதல் பாட்டு, மூச்சு விடாத வேகம், சாம்பா தாளம். ஜப்பான் மொழில ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா ஒரே அளவுல விழும், ராக் தாளத்துல அது உக்காராதுன்னு பெரிய சண்டையே நடந்த நாடு அது, குவாதா அந்த எழுத்துங்களை வாயில போட்டு உருட்டி இங்கிலீஷ் மாதிரி வழுக்கவிட்டு கரகரன்னு ஒரு குரல்ல பாடிட்டார். காமெடி பேண்டுன்னுதான் நிறைய பேர் நினைச்சாங்க. 1979 மார்ச்ல 'இதோஷி நோ எரி' வந்துச்சு, மெதுவான பாட்டு, ஒரு பொண்ணு பேரைச் சொல்லிச் சொல்லி உருகுற பாட்டு, அதோட அந்தப் பேச்சு நின்னுபோச்சு. பத்து வருஷம் கழிச்சு அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸே அதை இங்கிலீஷ்ல பாடினார். கறுப்பின அமெரிக்கப் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒரு பையனோட பாட்டை அந்த இசையோட ஜாம்பவானே எடுத்துப் பாடினார்ங்க, இதுக்கு மேல என்ன வேணும். இதுக்கே உங்க கட்டுரைல ஒரு பக்கம் கொடுத்திருக்கலாம்.

'சுனாமி' கிட்டத்தட்ட 29 லட்சம் சிடி வித்துச்சு, அந்த வருஷத்து ஜப்பான் ரெக்கார்டு விருதும் அதுக்குத்தான். வித்தது உண்மை. ஆனா அதுக்கப்புறம் நடந்ததையும் சேர்த்து எழுதணுமில்ல.

2011 மார்ச் 11, ஜப்பான்லயே பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் வந்த நாள். நான் கவாசாகிலதான் இருந்தேன், கட்டடம் ஆடினது நின்னதும் டிவியைப் போட்டாங்க, அதுல கறுப்பா தண்ணி வயலுக்கு மேல நகர்ந்து வர்றதைப் பார்த்தப்போ எனக்கு எங்க கீச்சாங்குப்பம்தான் தெரிஞ்சுது. அதோட அந்தப் பாட்டு ரேடியோல இருந்து காணாம போச்சு. பேண்டும் மேடையில அதைப் பாடுறதை விட்டுட்டாங்க. அவங்க பாட்டுலயே அதிகமா வித்த பாட்டு அது, யோசிச்சுப் பாருங்க. குவாதாவுக்கு அதுக்கு முந்தின வருஷம்தான் உணவுக்குழாய்ல கேன்சர்னு ஆபரேஷன் ஆச்சு. 2011 செப்டம்பர்ல, அந்த அலை அடிச்ச மியாகி மாகாணத்துல ரெண்டு நாள் கச்சேரி வச்சார், ரிஃபுங்கற ஊர்ல இருக்கற பெரிய உள்ளரங்கத்துல. அலை வந்த பிறகு செத்தவங்களைக் கொண்டு வந்து கிடத்தி வச்சிருந்த இடம் அது. அங்க போய் நின்னு பாடுறதுக்கு எவ்ளோ மனசு வேணும், எனக்கு நினைச்சாலே தொண்டை அடைக்குது.

கட்டாயம் எழுத வேண்டியது ஒனாகாவா. அதே மியாகில சின்ன கடலோர ஊர், பத்தாயிரம் பேர்ல எண்ணூறு பேருக்கு மேல போயிட்டாங்க. ஊர்க்காரங்களே சேர்ந்து அவசரத்துக்கு ஒரு எஃப்.எம். ஸ்டேஷன் ஆரம்பிச்சு, தண்ணி எங்க கிடைக்கும், பஸ் எப்போ வரும்னு சொல்லிட்டு இருந்தாங்க, அஞ்சு வருஷம் நடத்தினாங்க. 2016 மார்ச்ல ஸ்டேஷனை மூடினப்போ கடைசியா அவங்க போட்ட பாட்டு 'சுனாமி'. பறிகொடுத்த ஊரே அந்தப் பாட்டை எடுத்துப் போட்டுச்சு. இதைப் படிச்ச அன்னைக்கு அந்தப் பெரியவருக்கு போன் பண்ணேன், ரிட்டயர் ஆகி வீட்ல இருந்தார், ஆமாப்பா நானும் கேள்விப்பட்டேன்னார், அதுக்கு மேல ரெண்டு பேருமே அதைப் பத்திப் பேசல. 2011-க்கு அப்புறம் எத்தனையோ தடவை கரோக்கே போனோம், ரிமோட் அவர் கைக்கு வந்தாலும் என் கைக்கு வந்தாலும் அந்தப் பாட்டை யாரும் தேடினதில்ல.

நான் இப்போ ஊருக்கே திரும்பிட்டேன். வீட்ல அம்மா இருக்காங்க, அதனால அதை ஸ்பீக்கர்ல போடுறதில்ல, ராத்திரி மாடியில ஹெட்ஃபோன்லதான் கேப்பேன். அதனால எல்லாரும் அதை ரசிச்சே ஆகணும்னு நான் சொல்ல வரல, எங்க தெருவுல எத்தனையோ பேருக்கு அந்தப் பேர் காதுல விழுறதே முடியாது, அது அவங்க நியாயம். ஆனா செய்யாத தப்பை அந்த பேண்டு மேல போட்டு அச்சுல ஏத்தக்கூடாது சார். அடுத்த இதழ்ல, சின்ன எழுத்துல இருந்தாலும் பரவால்ல, பாட்டு வந்த தேதியையும் 2011-க்கு அப்புறம் அவங்க அதை மேடையில பாடுறதை நிறுத்திட்டாங்கங்கறதையும் போடுங்க. கட்டுரை எழுதினவர் கேட்டா அந்தப் பாட்டு வரி எழுதின பேப்பரோட ஜெராக்ஸ் அனுப்பறேன், தமிழ் அர்த்தமும் என்னால முடிஞ்ச அளவு எழுதித் தர்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்.