சண்டை போட விட்டவர்களுக்கு நன்றி

வேதபாட சாருக்கும், விடுதி ஆச்சிக்கும், என்னோடு பத்தாம் வகுப்பு படித்த எல்லாருக்கும்,

ஸ்தோத்திரம். போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை, பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபைக்கு முன்னால் தாங்களே அறிக்கையிடுகிற நாள். வீட்டுக்கு வந்து பட்டுப்பாவாடையைக்கூட மாற்றாமல், "அப்பா, உங்களுக்கு எப்ப விசுவாசம் வந்துச்சு?" என்று கேட்டாள். சட்டென்று சொல்ல வரவில்லை. ராத்திரி யோசித்தபோது உங்கள் முகங்கள்தான் வந்தன. அதனால் இந்த மடல்.

விடுதியில் சேர்ந்தபோது எனக்குப் பதினான்கு வயது. தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரம் பக்கத்தில் செம்மணல் தேரிக்காட்டுப் பையன். வசனம் ஒப்பிப்பதில் கெட்டிக்காரன். பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். வசனங்களில் பாதி மறந்துபோயிற்று. டம்ளர் இன்னும் இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் அப்பா போய்விட்டார். சபையே உபவாசமிருந்து ஜெபித்தும் பிழைக்கவில்லை. திரும்பி வந்த வாரமே வகுப்பில் எழுந்து நின்று, "ஜெபத்தைக் கேட்பார்னு சொன்னீங்களே சார், ஏன் கேக்கல?" என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் கேட்டேன். சார், நீங்கள் அதட்டவில்லை. 'கர்த்தருடைய சித்தம்' என்றும் சொல்லவில்லை. அதை அதற்குள் ஊரில் இருபது பேர் சொல்லியிருந்தார்கள். "எனக்குத் தெரியலடே" என்றீர்கள். சாயங்காலம் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு வேதாகமத்தில் 88ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னீர்கள். முறையிடுகிற சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்கு வந்துவிடும். இது வரவே இல்லை. முடியும்போதும் இருட்டாகவே முடிகிறது. "இதையும் வேதத்துல சேத்துத்தான வச்சிருக்கு. நீயும் சண்டை போடு, ஆனா அவர்கிட்டயே போடு" என்றீர்கள். ஒரு வருடம் போட்டேன் சார். பேசாமல் இருந்திருந்தால் விசுவாசம் அன்றோடு விட்டுப்போயிருக்கும்.

ஆச்சி, நான் சாப்பிடாமல் படுத்த ராத்திரிகளில் தட்டை மூடிவைத்து எழுப்புவீர்கள். "சாமிகிட்ட கோவம்னா சோத்துகிட்டயுமா?" என்பீர்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை, சாப்பிட்டுவிடுவேன்.

எல்லாரும் இப்படி இருந்தார்கள் என்று சொன்னால் பொய். ஒருவர் இருந்தார், பேர் வேண்டாம். விடியற்கால ஜெபத்தில் தூங்கி விழுந்தால் முட்டி போட வைப்பார். ஐந்து மணிக்குத் தூங்கி வழியாத பதினைந்து வயதுப் பையன் எந்த ஊரில் இருக்கிறான்? பிரம்புக்குப் பயந்து மூடிய கண்ணுக்குள் பக்தி எதுவும் வளரவில்லை.

தமிழ் ஐயா இப்போது இல்லை. நெற்றி நிறையத் திருநீறோடு எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வருவார். 1842இல் சாயர்புரத்துக்கு வந்த ஜி.யு. போப், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டது 1900இல், எண்பது வயதில் என்று சொல்லிவிட்டு, அதிலிருந்து இரண்டு பாட்டு பாடுவார். அழுதுகொண்டே ஜெபிப்பது வெட்கமில்லை என்று எனக்குக் காட்டியவர் அவர். வேதபாட வகுப்பில் அல்ல, தமிழ் வகுப்பில் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் எங்கள் எஸ்.யூ. (ஸ்கிரிப்சர் யூனியன் என்ற வேதவாசிப்பு இயக்கம்) அண்ணன்மார். ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளிக்குக் கூட்டிப்போனீர்கள். பாட்டுப் பாடி ஊழியம் செய்யப் போகிறோம் என்ற நினைப்பில் கிடாரைத் தூக்கிக்கொண்டு போனோம் (கிடாரை எதற்கென்று ஒருவருக்கும் தோன்றவில்லை!). அங்கே பிள்ளைகள் எழுந்து நின்று 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' ஜெபத்தைக் கைகளால் சொன்னார்கள். ஒவ்வொரு சொல்லும் கண்ணுக்குத் தெரிந்தது. தினமும் அசெம்பிளியில் அரை நிமிடத்தில் நான் மென்று துப்புகிற ஜெபம் அது. அன்றைக்கு 'அன்றன்றுள்ள அப்பம்' வந்த இடத்தில், அப்பா இல்லாத எங்கள் வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது.

விடுதிக் கட்டணத்தில் பாதியை யாரோ கட்டியதாக அலுவலகத்தில் சொன்னார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. இதை வாசிக்கிறவர்களில் அவரும் இருந்தால், நன்றி ஐயா.

சார், கிறிஸ்மஸ் லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வேதத்தில் யோபுவுக்கு வந்த சோதனையில் அவர் பிள்ளைகள் எல்லாரும் செத்துப்போனார்களே, அவர்கள் செய்த குற்றம் என்ன என்று கேட்கிறாள். எனக்குத் தெரியலம்மா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நாலாவது பெஞ்சுக்காரன்