நாடகம் போடும் மகளுக்கு

வந்தவாசி

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு உங்கள் குடியிருப்புப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடச் சொல்கிறார்கள், நல்லதாக ஒன்று எழுதி அனுப்புங்கப்பா என்று கேட்டிருந்தாய். எழுதி அனுப்பப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே, காரணம் இருக்கிறது.

எழுதின நாடகம் கைக்கு வந்துவிட்டால், நன்றாகத் தமிழ் பேசுகிற இரண்டு பிள்ளைகளுக்கே எல்லா வசனமும் போய்விடும். மற்றதுகள் மரமாகவும் தூணாகவும் நிற்கும். அம்மாக்கள் ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பிள்ளை மைக்கைத் தேடிப் போய் ஒப்பித்துவிட்டு இறங்கும். வேலை பார்த்த காலமெல்லாம் ஆண்டு விழாக்களில் இதைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன். என் வகுப்பில் கதையை மட்டும்தான் சொல்வேன். "சிங்கம் எதிரில வந்து நின்னா நீ என்னடா சொல்லுவ?" என்று கேட்பேன். அவன் சொல்வதுதான் வசனம். வாயே திறக்காத பையன் கையில் தாளத்தைக் கொடுப்பேன். அவன் தட்டினால்தான் ராஜாவே நடக்கலாம். பத்து நாளில் அவனும் பேச ஆரம்பித்துவிடுவான்.

திரைக்கும் செட்டுக்கும் பணம் வசூலிக்காதே. ஒரு வேட்டி போதும். தெருக்கூத்தில் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, பின்னாலிருந்து வேஷக்காரர் பாடுவார். சலங்கை கேட்கும், கிரீடத்தின் நுனி தெரியும், முகம் தெரியாது. திரை விலகுவதற்குள் கூட்டம் மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். புரிசை கண்ணப்பத் தம்பிரான் அப்படி வந்து நின்றதைப் பார்த்த ராத்திரிதான் எனக்கு இந்தப் பித்து பிடித்தது. 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி எவ்வளவு பெரிய எழுத்தாளர்! அவரே நம் பக்கத்து ஊர்த் தம்பிரானிடம்தான் பாடம் கேட்டார். அது எனக்கு இன்றைக்கும் பெருமை.

பிள்ளைகள்தானே, ஏதோ ஒன்று ஆடிவிட்டுப் போகட்டும் என்று யாராவது சொன்னால் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றிச் சொல். தமிழ் நாடகத்துக்கே தலைமை ஆசிரியர் என்று கொண்டாடப்பட்டவர், 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்துத்தான் சபை நடத்தினார். ஆறு வயதில் அங்கே போய்ச் சேர்ந்த பையன்தான் பின்னாளில் பெரிய நாடக நடிகரான அவ்வை தி.க. சண்முகம். அந்தச் சிறுவனுக்காக 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதிக் கொடுத்தாராம் சுவாமிகள்.

நீ செய்ய வேண்டிய முதல் வேலை, பிள்ளைகளை நாடகம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவது. பார்க்காத பிள்ளை எதை வைத்து ஆடும்? வேலு சரவணனின் 'கடல் பூதம்' பார்க்க உன்னைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போனேனே, திரும்பி வரும்போது பஸ்ஸில் பூதமாகவே உட்கார்ந்திருந்தாய். நாடக இயக்குநர் சே. இராமானுஜம் ஐயாவின் 'வெறியாட்டம்' பார்க்கப் போனபோது உன் அம்மாவும் வந்தாள். கிரேக்கத்தில் 2,400 ஆண்டுகளுக்கு முன் யூரிபிடீஸ் எழுதியது, போரில் எல்லாரையும் பறிகொடுத்த ட்ராய் நகரத்துப் பெண்களின் கதை. அதை அவர் நம்மூர் ஒப்பாரியில் வைத்திருந்தார். ட்ராய் எங்கே இருக்கிறது என்று உன் அம்மாவுக்குத் தெரியாது. ஒப்பாரி தெரியும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நாடகத்தைப் பற்றி எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்ட அளவுக்கு எதிலும் தெரிந்துகொள்ளவில்லை.

நீ இருப்பதோ புனே! நாடகத்துக்கு டிக்கெட் வாங்கிக் குடும்பத்தோடு போகிற ஊர். பாலகந்தர்வ ரங்கமந்திரில் என்ன நடக்கிறது என்று விசாரித்துப் பார். மராத்தி புரியாத பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணுக்கும் காதுக்கும் புரியும். பெர்லின் நகரத்துக் கிரிப்ஸ் நாடக முறையை நடிகர் மோகன் அகாஷே 1980-களில் உங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார். பெரியவர்களே குழந்தை வேஷம் கட்டிக் குழந்தைகளுக்காக ஆடுவது அது. ராஜா, தேவதை எல்லாம் கிடையாது. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் படுகிற பாடுதான் கதை. நீயும் அப்படியே கேள். லிஃப்ட் நின்றுபோன அன்றைக்கு என்ன ஆச்சு, விளையாடக் கூடாது என்று யார் துரத்தினார்கள் என்று கேட்டாலே போதும், நாடகம் அவர்களிடமிருந்தே வந்துவிடும். தமிழும் மராத்தியும் கலந்து பேசினால் திருத்தாதே.

கோடை லீவில் இங்கே வந்தால், பேரனுக்கு ஏழு வயதுதான் ஆகிறது, விடிய விடியக் கூத்து தாங்குவானா என்று மாப்பிள்ளை கேட்டாராம். தாங்குவான். தூங்கினால் தூங்கட்டும், பாய் கொண்டு போவோம். கர்ணன் வரும்போது நான் எழுப்பிவிடுகிறேன். கர்ணன் சாகிற கர்ண மோட்சக் கூத்துக்கு வந்தால், துரியோதனன் சாகிற பதினெட்டாம் போரையும் விடக் கூடாது. மறுநாள் காலையில் படுகளம், மண்ணால் செய்து படுக்க வைத்திருக்கிற அந்தப் பெரிய துரியோதனனை அவன் பார்த்தே ஆக வேண்டும். கோடை லீவு தேதி தெரிந்ததும் சொல், எந்த ஊரில் பாரதக் கூத்துத் திருவிழா வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து வைக்கிறேன். குறைந்தது ஐந்து நாளாவது இருக்கிற மாதிரி டிக்கெட் போடு.

அன்புடன்,
அப்பா